எனக்கப்புறம் இவளை யார் பார்ப்பார்கள்?

மனநோயும் உடல்நோயும் சேர்ந்தவர்களுக்கு நீண்டகாலப் பராமரிப்பு, தங்க இடம்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் குழுக்களில் கடன், சந்தா, வங்கித் தவணை பற்றியெல்லாம் தயங்காமல் பேசுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் கேட்கிறோம். "எம் மகளுக்கு பதினஞ்சு வருசமா மனசு சரியில்ல. இப்ப சர்க்கரையும் வந்துருச்சு. எனக்கும் முட்டி தேயுது. நான் கண்ணை மூடிட்டா இவளை யாரு பாப்பா? எங்கயாவது ஹோம் இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஊராட்சியே கிடையாது. மகளுக்காக, தம்பிக்காக, கணவருக்காக, மாமியாருக்காக யாரோ ஒரு பெண் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

இரண்டு நோய், ஒரே உடம்பு

மனச்சிதைவு, இருதுருவ மனநோய், தீவிர மனச்சோர்வு போன்றவை நீண்டநாள் நீடிக்கும் மனநோய்கள். இவை பேய் பிடித்தோ, சாபத்தாலோ, வளர்ப்பு சரியில்லாமலோ வருவதில்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாதிரி இவற்றையும் மருந்தால் கட்டுப்படுத்தலாம். பலர் தேறி வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு மட்டும் கடைசிவரை ஒருவர் துணை வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு உடல்நோயும் சேர்ந்துகொள்வது ஏன்? மூன்று காரணங்கள்.

ஒன்று, மனநோய்க்கான சில மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும். அதனால் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். இரண்டு, வெளியே போகாமல், நடக்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பது. பீடி, புகையிலைப் பழக்கமும் சேரலாம். மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது. அவர்கள் "வயிறு வலிக்குது" என்றால் நாம் நம்புவதில்லை. "அது அப்படித்தான் உளறும்" என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரியிலும் சில நேரம் அதுவே நடக்கிறது.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி, தடுக்கக்கூடிய உடல்நோய்களால்தான்.

எந்த வாசலும் திறப்பதில்லை

இடம் தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும். முதியோர் இல்லத்தில் கேட்டால், "மனசு சரியில்லாதவங்களை நாங்க சேர்க்கிறதில்ல" என்பார்கள். மனநலக் காப்பகத்தில் கேட்டால், "இன்சுலின் போடணுமா? காலில் புண்ணா? எங்ககிட்ட நர்ஸ் இல்லையே" என்பார்கள். பொது ஆஸ்பத்திரிக்குப் போனால், "முதல்ல மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதுவார்கள்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல்நோய்க்கு மருத்துவம் பெறுவதில் மனநோய் உள்ளவரும் மற்ற நோயாளியும் சமம் என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. மனநோயைக் காரணம் காட்டி காலில் உள்ள புண்ணுக்கு மருந்து போட மறுக்க முடியாது.

சட்டம் இருந்தாலும், நெருக்கடி வந்த பிறகு அவசரமாகத் தேடினால் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். இதை இரண்டு வீடுகளில் பார்த்தோம். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றிச் சொல்கிறோம்.

முதல் வீட்டில் தாய், 38 வயது மகள், இரண்டு பேர்தான். மகளுக்கு மனச்சிதைவும் சர்க்கரையும். எந்த மாத்திரை எப்போது என்பது தாய்க்கு மட்டுமே தெரியும். அவர் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். வெளியூரில் இருந்த மகன் வந்து காரியம் முடித்தார். மாத்திரை நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். காலில் புண் அழுகி இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் "ஹோம்" தேடும் வேலை தொடங்கியது. எங்கும் இடமில்லை.

இரண்டாவது வீட்டிலும் அதே நிலைமைதான். ஆனால் அந்த அம்மா, தான் நடமாடும்போதே தயார் செய்தார். அண்ணன் மனைவிக்கு மாத்திரைகளைச் சொல்லிக் கொடுத்தார். மகளுக்கு ஊனச் சான்றும் உதவித்தொகையும் வாங்கினார். வீட்டின் பின்னறையில் மகள் ஆயுள் உள்ளவரை இருக்கலாம் என்று உயில் எழுதிப் பதிவு செய்தார். மகளிடமும் கேட்டார்: "அண்ணன்கூட டவுனுக்குப் போறியா?" மகள் சொன்ன பதில்: "அங்க மாடியில உட்கார வச்சா நான் என்னம்மா பண்ணுவேன்? இங்கன்னா என் ஆடு இருக்கு." சில வருடம் கழித்து அந்த அம்மா விழுந்து இடுப்பு உடைந்து படுத்தார். மகளின் மாத்திரை ஒருநாளும் நிற்கவில்லை. குழுப் பெண்கள் பத்து நாள் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். மகள் இன்றும் அதே வீட்டில், அதே ஆட்டோடு இருக்கிறார்.

இரண்டு குடும்பமும் ஏழைதான். நோயும் ஒன்றுதான். முன்கூட்டியே செய்த ஏற்பாடுதான் வித்தியாசம். அந்த ஏற்பாட்டைக் கட்டில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு கால் வேண்டும்: காகிதம், மருந்து, இடம், ஆள். ஒன்று குறைந்தாலும் கட்டில் ஆடும்.

முதல் கால்: காகிதம்

மனநோய் உள்ளவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். "அவளுக்கு என்ன கார்டு" என்று நீக்கிய குடும்பங்கள் பிறகு ஆதார், காப்பீடு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அலைகின்றன. ரேஷன் கார்டு, ஆதார், அவர் பெயரில் வங்கிக் கணக்கு, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனநோய் அதில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் கிடைக்கும். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்த்து சதவீதம் போடுகிறார்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

இங்கேதான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். சான்றுக்குப் போகும் அன்று குளிப்பாட்டி, தலை பின்னி, பூ வைத்துக் கூட்டிப் போகிறோம். டாக்டர் கேட்டால் கௌரவத்துக்காக "எல்லா வேலையும் செய்வா" என்கிறோம். சதவீதம் குறைந்து போகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை நாள் குளிக்காமல் இருந்தாள், இரவில் எத்தனை முறை வெளியே போனாள், அடுப்பைத் தனியாக நம்பி விட முடியுமா என்பதைச் சொல்லுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள். வருவாய்த் துறை வழங்கும் இந்தத் தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. தந்தையோ தாயோ அரசுப் பணியில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவரானால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வைப்பது நல்லது.

இரண்டாவது கால்: மருந்து

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மனநலக் குழு குறித்த நாட்களில் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, குழு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்து இலவசம். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு, சில வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு நோய் உள்ளவருக்குச் சில எச்சரிக்கைகள்:

• இரண்டு டாக்டர் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். சர்க்கரை டாக்டருக்கு மனநல மாத்திரையும், மனநல டாக்டருக்கு சர்க்கரை மாத்திரையும் தெரிய வேண்டும்.

• எடை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்து எழுதுங்கள். பாதத்தைத் தினமும் நீங்களே பாருங்கள்.

• லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி வந்தால் காத்திருக்க வேண்டாம். உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்து விஷமாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளோசபின் சாப்பிடுபவருக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் உடனே காட்டுங்கள்.

• மனநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் கடுமையான காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அது அவசரம். 108-ஐ அழையுங்கள்.

• நன்றாக இருக்கிறார் என்று மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். அவர்களில் பலர் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. மனநோய் உள்ளவர் இருக்கும் வீட்டையும் தாண்டிப் போகாமல் பார்க்கும்படி தன்னார்வலரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது கால்: இடம்

"ஹோம்" என்றால் கொண்டுபோய் விடும் இடம் என்றுதான் நம் மனதில் இருக்கிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் வழி, சொந்த வீடு. தெரிந்த தெரு, தெரிந்த முகம், தெரிந்த கடை. நோய் உள்ளவருக்கு இது பெரிய பலம். தனியாக ஒரு அறை அல்லது தடுப்பு, பக்கத்தில் கழிப்பறை, மருந்தைக் கையில் கொடுக்க ஒருவர், பகலில் ஏதாவது ஒரு வேலை. இவ்வளவு இருந்தால் பலர் ஊரிலேயே இருக்கலாம்.

சொத்து விஷயத்தில் கவனம். நோய் இருப்பதால் பங்கு கிடையாது என்று சொல்வது தவறு. எந்த நோயும் உடற்குறையும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "அவளுக்கு எதுக்குப் பங்கு, நாங்க பார்த்துக்கிறோம்" என்று கைநாட்டு வாங்க வந்தால் சம்மதிக்காதீர்கள். வயதான பெற்றோர் ஒரு பிள்ளைக்குத் தானப் பத்திரம் எழுதும்போது, "எங்களையும் இவளையும் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தங்களைப் பராமரிக்கும் நிபந்தனையில் எழுதிக் கொடுத்த மூத்த குடிமக்களைப் பிள்ளை கவனிக்காமல் போனால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23 அதற்கு வழி செய்கிறது. மனு கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும்.

வீடே இல்லாதவர்கள் கிராம சபையில் கேளுங்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று 2016 சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டாவது வழி, பகல்நேர மையம். காலையில் போய் மாலையில் வருவது. பார்த்துக்கொள்பவருக்கு வேலைக்குப் போகவும் மூச்சு விடவும் நேரம் கிடைக்கும். உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பகுதியில் எங்கே, என்ன சேவை என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது வழி, தெருவுக்குள் ஒரு வாடகை வீடு. நான்கைந்து பேர் சேர்ந்து குடும்பம் மாதிரி இருப்பார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். தி பேன்யன் என்ற நிறுவனம் இதைச் செய்து காட்டியது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இது. தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பதில் ஆரம்பித்தார்கள். குணமான பிறகும் பல பெண்களுக்குப் போக வீடில்லை. அதனால் சாதாரணத் தெருக்களில், கிராமங்களில் வீடு பிடித்துக் குடிவைத்தார்கள். வருடக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்கள் இப்போது தாங்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்கள். ஒரு தெரு மனசு வைத்தால் இது எந்த ஊரிலும் நடக்கும்.

நான்காவது வழி, மறுவாழ்வு இல்லம். அரசு மானியத்தோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மனநோயாளர் இல்லங்கள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக மனநல மருத்துவமனை. அது சிகிச்சைக்கு. 1794-ல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆனாலும், மாவட்ட ஆஸ்பத்திரி ஆனாலும், குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை அங்கேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஊரில் வாழ்வது அவர் உரிமை. குடும்பம் கைவிட்டால் சட்ட உதவி உள்ளிட்ட ஆதரவு தருவது அரசின் கடமை.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்கள் சங்கிலியில். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் "இங்கே நல்லா பார்த்துப்பாங்க" என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள்தான். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த ஒரு இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே பிறகு அரசு மனநல சிகிச்சையும் வந்தது. வேண்டுதலும் மருந்தும் ஒன்றாகப் போகலாம். சங்கிலி மட்டும் கூடாது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது.

எந்த இல்லமானாலும் இவற்றைக் கேளுங்கள்:

1. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.
2. மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்?
3. சர்க்கரை, வலிப்பு, புண் இருந்தால் யார் பார்ப்பார்கள்? அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?
4. பெண்களுக்குத் தனி இடம், பெண் பணியாளர், மாதவிலக்கு நாப்கின், கதவு போட்ட குளியலறை இருக்கிறதா?
5. சொல்லாமல் வந்து பார்க்கலாமா? போனில் பேச விடுவார்களா?
6. ஆதார், ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கும்? உதவித்தொகை எங்கே போகும்?
7. வேலை வாங்கினால் கூலி உண்டா?
8. அவர் வெளியே வர விரும்பினால் என்ன செய்வார்கள்?

"உள்ளே போகக்கூடாது, ஆபீஸ் ரூம்லயே பாருங்க" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். அங்கே இருப்பவர்களின் கால் நகத்தையும் தலைமுடியையும் பாருங்கள். பராமரிப்பு எப்படி என்று அவை சொல்லிவிடும்.

நான்காவது கால்: ஆள்

அம்மாவுக்கு அடுத்து யார்? ஒருவர் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் இன்றே பேச வேண்டும். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றாமல் பிரித்துக் கொடுங்கள். மாத்திரைக்கு அண்ணி, ஆஸ்பத்திரிக்கு சித்தப்பா மகன், பணத்துக்கு அண்ணன், தினம் எட்டிப் பார்க்க பக்கத்து வீட்டு அக்கா. அம்மா நன்றாக இருக்கும்போதே, மாதத்தில் இரண்டு நாள் அண்ணி பார்த்துக்கொள்ளட்டும். பழகிய கை என்றால் அவரும் பயப்பட மாட்டார்.

சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. வயது வந்த எவரும் தனக்கு நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். சிகிச்சை விஷயத்தில் அந்தப் பிரதிநிதி துணை நிற்பார். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்கிறது 2017 சட்டத்தின் 14-ஆம் பிரிவு. பிறகு மாற்றவும் செய்யலாம். தேர்ந்தெடுப்பவர் நோய் உள்ளவர்தான். அவர் தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து கேளுங்கள். எங்கே இருக்கப் பிடிக்கும், யாரைப் பிடிக்கும், எதைக் கண்டு பயம் என்று அவருக்குத் தெரியும். நாம்தான் கேட்பதில்லை.

யாராவது ஊரில் ஆதரவில்லாமல் திரிந்தால் கல்லெறிய விடாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிரிவு 100 இதைச் சொல்கிறது.

குழு என்ன செய்யலாம்?

பணத்தைவிட நம்மிடம் அதிகம் இருப்பது ஆள் பலம். அதை வைத்துச் செய்யக்கூடியவை:

• நோயால் கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினரை நீக்காதீர்கள். சந்தாவை வீட்டுக்குப் போய் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

• ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் எடுக்கட்டும். நோய் உள்ளவர் யார், பார்ப்பவர் யார், பார்ப்பவருக்கு என்ன வயது என்று மூன்று விவரம். 60 வயதுக்கு மேற்பட்டவர் தனியாகப் பார்க்கும் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.

• கூட்டமைப்பின் நலிவு நிலை குறைப்பு நிதியிலிருந்து இந்தக் குடும்பங்களுக்கு உதவத் தீர்மானம் போடலாம். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் செலவு இல்லாமல் சிகிச்சையை விட்டவர்கள் பலர்.

• மாற்றுத்திறனாளிகளும் பராமரிப்பாளர்களும் சேர்ந்து ஐந்து பேர் இருந்தாலே சிறப்பு சுய உதவிக் குழு தொடங்கலாம்.

• பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதத்தில் ஒருநாள் விடுப்பு கொடுங்கள். இரண்டு உறுப்பினர் அந்த வீட்டில் உட்கார்ந்தால், அவர் தன் உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், சும்மா தூங்கலாம். அவர் விழுந்தால் இரண்டு பேர் விழுவார்கள்.

• தேறியவருக்குச் சின்ன வேலை கொடுங்கள். பூ கட்டுவது, ஆடு மேய்ப்பது, கூட்டத்துக்குப் பாய் விரிப்பது எதுவானாலும் சரி. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு வேலையும் மரியாதையும் சேர வேண்டும் என்பதே அங்கு நடக்கும் மறுவாழ்வுப் பணியின் அடிப்படை.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் ஊரில் இப்படி எத்தனை வீடு? கடைசியாக நாம் எப்போது போய்ப் பார்த்தோம்?
2. அந்த வீடுகளில் நான்கு காலில் எந்தக் கால் இல்லை?
3. ஊனச் சான்று வாங்க யார் யாரை, எந்தத் தேதியில் கூட்டிப் போகிறோம்? வண்டிச் செலவு எதிலிருந்து?
4. "பைத்தியம்" என்று கூப்பிடுவதை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட நம் தெருவில் யார் முதலில் தொடங்குவது?

முதல் மூன்றுக்கும் பதிலை நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டுவர வேண்டும். சான்று முகாமுக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால் நாங்கள் மாவட்ட அலுவலகத்தில் பேசி ஒரே நாளில் ஏற்பாடு செய்ய முயற்சி எடுக்கிறோம்.

குறித்து வையுங்கள்

மனநல ஆலோசனை, 24 மணி நேரமும்: 14416
ஆம்புலன்ஸ்: 108
பெண்கள் உதவி: 181
மூத்த குடிமக்கள் உதவி: 14567
இலவச சட்ட உதவி: 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.